ஆர்கேட் பெட்டியின் மார்க்கீக்கு விளக்குப் போடுவது எப்படி?

பிளைவுட் வெட்டி, ஜாய்ஸ்டிக் பொருத்தி, கேமும் ஓட ஆரம்பித்த பிறகு என் ஆர்கேட் பெட்டியின் (நின்றுகொண்டு வீடியோ கேம் ஆடும் பெட்டி) நெற்றி மட்டும் மூன்று மாதம் இருட்டாகவே கிடந்தது. அந்தப் பெயர்ப்பலகைக்குத்தான் மார்க்கீ என்று பெயர். பழைய இயந்திரங்களில் அதன் பின்னால் குட்டி டியூப்லைட் இருக்கும். இன்றைக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் போதும்.

முதலில் படம். என் மார்க்கீ 60 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். வேலூரில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்கா பஞ்சம்? ஆனால் பேனருக்கு அடிக்கும் சாதாரண ஃபிளெக்ஸ் இதற்கு ஆகாது. பின்னால் விளக்குப் போட்டால் உள்ளே இருக்கும் நூல் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘பேக்லிட்’ என்று கேட்டு வாங்குங்கள், கடையிலேயே டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கடைப் பையன் அளவைப் பார்த்துவிட்டு, “இன்னா விசேஷம்ணா, காதுகுத்தா?” என்றான். வீடியோ கேமுக்கு என்றதும் காசு வாங்குவதற்கு முன்னால் இன்னொரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

படத்துக்கு முன்னால் 3 மி.மீ. தடிமனில், ஊடுருவித் தெரியும் நிறமில்லாத அக்ரிலிக் தகடு, பின்னால் அதே தடிமனில் பால்வெள்ளை அக்ரிலிக். மேலே ஒட்டிவரும் காகிதத்தைக் கடைசியில் உரியுங்கள், கீறல் விழாது.

இப்போது நான் வழுக்கி விழுந்த இடம். முதல் தடவை ஸ்ட்ரிப்பை மூன்று வரிசையாகப் பின்பலகையில், முன்பக்கம் பார்த்தபடி ஒட்டினேன். வரிசைகளுக்கு நடுவே 6 செ.மீ. இடைவெளி, பெட்டியின் ஆழம் 4 செ.மீ. ஸ்விட்சைப் போட்டால், எழுத்துக்குக் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு! “பட்டை போட்டாச்சு, நடுவுல குங்குமம் ஒண்ணுதான் பாக்கி” என்றாள் என் மனைவி.

காரணம் எளிது. விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சம் விரிந்து பக்கத்து வரிசையோடு கலப்பதற்குள் அக்ரிலிக்கில் வந்து முட்டிவிடுகிறது. வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது விளக்குக்கும் அக்ரிலிக்குக்கும் வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றுக்கு இரண்டு பால்வெள்ளைத் தகடு வைத்துப் பார்த்தேன். கோடு லேசாக மங்கியது, கூடவே படமும் மங்கியது.

கடைசியில் பின்பலகையைத் தள்ளி ஆழத்தை 9 செ.மீ. ஆக்கினேன். ஸ்ட்ரிப் இரண்டே வரிசை: சட்டத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒன்று, கீழ் விளிம்புக்குப் பின்னால் ஒன்று. இரண்டும் முன்பக்கம் அல்ல, பின்பலகையைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் முழுக்கப் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, அக்ரிலிக் முழுக்கச் சீராகப் பரவும்.

ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் வழக்கமாக மூன்று எல்இடிக்கு ஒருமுறை அந்தக் குறி வரும். இரண்டு துண்டுகளையும் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று சால்டர் செய்யுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். செம்புப் புள்ளியில் முதலில் கொஞ்சம் ஈயம் வைத்துக்கொண்டால் ஒயர் சட்டென்று பிடிக்கும். கிளிப் கனெக்டர் எனக்குப் பிடிக்காது. பட்டனை நாலு குத்து குத்தினால் பெட்டி அதிரும், அது கழன்றுகொள்ளும்.

அப்புறம், பின்னால் வரும் பசையை நம்பாதீர்கள். கத்திரி வெயிலில் நம்மூர் மாடி அறை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மே மாதம் ஒரு மதியம் என் பெட்டியின் மேல்வரிசை ஸ்ட்ரிப் உரிந்து தொங்கியது. அலுமினியச் சேனலைத் திருகி, அதற்குள் ஸ்ட்ரிப்பை வையுங்கள், சூடும் இறங்கும். பின்பலகையின் மேல்பகுதியில் காற்றுக்கு நாலைந்து ஓட்டை போடுங்கள்.

மின்சாரக் கணக்கு: மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ‘5050’ ரக ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். நமக்கு 1.2 மீட்டர், ஆக 17 வாட் சொச்சம், ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர். சிசிடிவிக்குப் போடும் 12 வோல்ட், 2 ஆம்பியர் கறுப்பு அடாப்டர் தாராளம். துளைபோட்ட இரும்புப் பெட்டியில் வரும் எஸ்எம்பிஎஸ் (ஒருவகைப் பவர் சப்ளை) வேண்டாம் என்பேன். அதில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும். கேம் பெட்டிக்குள் கைவிடுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அடாப்டரையும் கேமையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டால் ஒரே ஸ்விட்சில் இரண்டும் எரியும். மூடுவதற்கு முன் அரை மணி நேரம் எரியவிட்டு, இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ராணிப்பேட்டை நண்பர் ஒருவர், விளக்கே எரியவில்லை என்றார். அவர் பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அடாப்டர் எதற்கு என்று அதன் பவர் சப்ளையிலிருந்தே எடுத்திருக்கிறார். ஸ்ட்ரிப்பின் சிவப்பு ஒயரை அங்கிருந்த சிவப்பு ஒயரோடு முறுக்கிவிட்டார். கம்ப்யூட்டர் சப்ளையில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள்தான் 12 வோல்ட். ஒரு வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும்; மூன்று தொடராக இருக்கும்போது 5 வோல்ட் எந்த மூலைக்கு? மஞ்சளுக்கு மாற்றியதும் எரிந்தது. நிறத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள், மல்டிமீட்டரில் 12 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.