பாலைவனப் படமும் கதையும்: ஏமாறாமல் பார்க்க ஒரு வழி

பாலைவனத்தைக் காட்டும் எந்தப் படத்திலும், அது யாருடைய கண்ணால் காட்டப்படுகிறது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வந்து போகிறவரின் கண் என்றால் மணல்மேடு, மஞ்சள் வெளிச்சம், ஒற்றை ஒட்டகம், பின்னணியில் இழுத்துப் பாடும் ஒரு பெண்குரல், அவ்வளவுதான். அங்கேயே இருப்பவரின் கண் என்றால் கிணறு எங்கே, அது யாருக்குச் சொந்தம், அடுத்த தண்ணீருக்கு எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எப்படிப் பழகுவது என்று சொல்கிறேன்.

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருக்கிற நமக்கு இது கொஞ்சம் சொந்த விஷயமும்கூட. சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போகிற தலைவன் பல இடங்களில் வேங்கடத்தை, அதாவது நம்ம திருப்பதி மலையைத் தாண்டித்தான் போகிறான், அதற்கு அந்தப் பக்கம் மொழி வேறான தேசம், வழியெல்லாம் வெயில், கள்வர் பயம். தெற்கே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நம்ம ஊர்தான் உலகத்தின் கடைக்கோடி! ஆனால் சங்கப் புலவர் மாமூலனார் 'பனிபடு சோலை வேங்கடம்' என்றும் பாடியிருக்கிறார், அதாவது மலையில் சோலை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

சரி, முதலில் தண்ணீரைத் தேடுங்கள். கதை எழுதியவருக்கு அந்த நிலம் தெரியுமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. அப்துல் ரஹ்மான் முனீஃப் 1984இல் எழுதிய 'உப்பு நகரங்கள்' அரபு மண்ணில் எண்ணெய் எடுக்க வந்த கதை, ஆனால் அது தொடங்குவது மணலில் அல்ல, ஊற்றும் பேரீச்சை மரமும் நிறைந்த ஒரு பசுமையான பள்ளத்தாக்கில். அங்கே அமெரிக்கர்கள் வந்து இறங்கி, பிறகு மரங்கள் இயந்திரத்தால் சாய்க்கப்படும்போதுதான் நமக்குப் பாலைவனம் என்றால் என்னவென்று உறைக்கிறது. வெறுமை அங்கே முதலிலேயே இருந்ததில்லை, ஆக்கப்பட்டது. தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதாமல் முந்நூறு பக்கம் மணலை வர்ணிக்கிற நாவல் கையில் கிடைத்தால், பாதியில் மூடி வைத்துவிடுங்கள், நஷ்டமில்லை.

அடுத்து, நாயகன் வந்து சேர்வதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று பாருங்கள். இதைப் பழக இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான் சுலபமான வழி: 1962இல் டேவிட் லீன் எடுத்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 2014இல் நாஜி அபூ நுவார் எடுத்த 'தீப்'. இரண்டும் முதல் உலகப் போர்க் காலம், இரண்டிலும் ஜோர்டானின் வாதி ரம் பாறைகள் வருகின்றன, இரண்டிலும் கிணறு வருகிறது, இரண்டிலும் ஓர் ஆங்கிலேய அதிகாரி பெதூயின் என்கிற பாலைவன நாடோடி மக்களிடம் வந்து சேர்கிறான். லீன் படத்தில் நாம் அந்த அதிகாரியோடு ஒட்டகத்தில் ஏறிப் போகிறோம். அவனுக்கு வழிகாட்டி வந்தவன் அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் குடித்ததற்காகச் சுடப்பட்டுச் சாகும்போது, நமக்கும் அந்த அதிகாரியைப் போலவே அது காட்டுமிராண்டித்தனமாகத்தான் தெரிகிறது. 'தீப்' படத்தில் நாம் ஒரு சிறுவனோடு கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இருட்டில் யாரோ வருகிறார்கள், வந்த ஆங்கிலேயனிடம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, சிறுவன் அதைத் தொடப் போனால் ஆங்கிலேயனுக்குக் கோபம் வருகிறது. இப்போது விசித்திரமானவன் யார்? ஹஜ் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டிப் பிழைத்தவர்கள் ரயில் வந்ததும் என்ன ஆனார்கள் என்பதும் இந்தப் படத்தில் உண்டு. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துப் பெதூயின்களே.

இதற்காக லீன் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. தூரத்தில் கானலுக்குள்ளிருந்து ஓர் ஆள் மெல்ல உருப்பெற்று வருகிற அந்தக் காட்சிக்காகவே ஒளிப்பதிவாளர் ஃபிரெடி யங் 482 மி.மீ. லென்ஸ் வைத்து எடுத்தார், அறுபது ஆண்டு கழித்தும் அதைத் தாண்ட யாராலும் முடியவில்லை என்பது என் கட்சி. ஆனால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் ஒரு பெண்ணுக்குக்கூட வசனம் கிடையாது. மக்கள் குடும்பமாக வாழ்கிற இடத்தைக் காட்டுகிறோம் என்ற எண்ணமே இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எங்கே படம் பிடித்தார்கள் என்பதையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். லீன் காட்டிய அகபா நகரம் ஸ்பெயினின் அல்மேரியா கடற்கரையில் போட்ட செட். அதே அல்மேரியாவின் வறண்ட நிலம்தான் செர்ஜியோ லியோனியின் கௌபாய் படங்களில் அமெரிக்காவாக வருகிறது. வாதி ரம் 2015இல் 'தி மார்ஷியன்' படத்தில் செவ்வாய்க் கிரகமானது, 2021இல் 'டியூன்' படத்தில் வேறொரு கிரகமானது, மலையாள இயக்குநர் பிளெஸ்ஸியின் 'ஆடு ஜீவிதம்' படத்தில் சவூதியானது. எல்லாவற்றையும்விட வேடிக்கை 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு': ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் எடுப்பதாகத் திட்டம், அங்கே நல்ல மழை பெய்து செம்மண்ணெல்லாம் பூத்துவிட்டது, படக்குழு மூட்டை கட்டிக்கொண்டு நமீபியாவுக்குப் போனது. நிஜப் பாலைவனம் பூக்கும், சினிமாப் பாலைவனம் பூக்கக் கூடாது.

அதேபோல மணலை மட்டும் நம்பாதீர்கள். சஹாராவிலேயே மணல்மேடுகள் ஏறக்குறைய கால் பங்குதான், மற்றதெல்லாம் கல்லும் சரளையும் பாறையும். ராத்திரிக் குளிர் வருகிறதா, தூசிக்காற்று அடித்த மறுநாள் யார் பெருக்குகிறார்கள், ஆட்டுக்குத் தீனி யார் சுமக்கிறார்கள், இதெல்லாம் படத்தில் இருக்கிறதா பாருங்கள். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ராயச்சோட்டி, ராஜம்பேட்டை பக்கம் தெருவுக்கு நாலு பேர் குவைத் போய் வந்தவர்கள். சவூதியில் ஆடு மேய்க்க மாட்டிக்கொண்ட ஒரு மலையாளியின் கதையாக பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடு ஜீவிதம்' நாவலைப் படித்த பிறகு அப்படி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "அண்ணா, அங்கே வெயில் எப்படி?" என்று தொடங்காமல், "பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது?" என்று கேளுங்கள். நாவலின் நடுக்கமும் அதில்தான் இருக்கிறது. மணல் அங்கே சிறைச்சுவர், சிறை வைத்தது மணல் இல்லை.

அப்புறம் நம்ம பக்கத்து ராயலசீமை. தெலுங்குப் படங்களில் அது எப்போதும் வறண்ட மலை, வரிசையாகப் புழுதி கிளப்பி வரும் சுமோ, அரிவாள், நாட்டு வெடிகுண்டு. அனந்தபூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 550 மி.மீ. மழை உண்டு, ஜெய்சால்மரில் 200க்கும் குறைவு, ஆக அனந்தபூர் பாலைவனமே இல்லை, வேர்க்கடலை போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்து நிற்கிற மானாவாரி பூமி. இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி போதும்: இவ்வளவு பேர் வெட்டிக்கொள்கிறார்களே, இதில் யாராவது ஒருத்தர் கடலை பிடுங்குகிறாரா?

எழுத்தில் பாலையைப் பழக வேறெங்கும் போக வேண்டாம். அகநானூற்றின் நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலைத் திணை, ஆக 200 பாட்டு. மொத்தமாகப் படிக்க வேண்டாம், அலுத்துவிடும், ஒரு வாரத்துக்கு இரண்டு போதும். படிக்கும்போது அந்தக் காய்ந்த வழியில் உயிரோடு என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். குறுந்தொகை 37ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, தன் பெண் யானையின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் ஆண் யானையைக் காட்டுகிறார், அதைப் பார்க்கிற தலைவன் உன்னை நினைத்துத் திரும்பி வருவான் என்று தலைவியிடம் தோழி சொல்கிறாள். நாலு வரிக்குள் பஞ்சம், மரம், மிருகம், மனசு எல்லாம் வந்துவிடுகிறது. இப்படி எழுதுகிறவரைத்தான் நிலம் தெரிந்தவர் என்பேன்.

தொடங்குகிறவர்கள் முதலில் 'தீப்' பாருங்கள், சிறிய படம், வசனமும் குறைவு, சப்டைட்டில் பழக்கம் இல்லாதவர்களுக்கும் சிரமமில்லை. 'லாரன்ஸ்' அடுத்த வாரம். 'ஆடு ஜீவிதம்' மட்டும் புத்தகத்தைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள். தயவுசெய்து 'லாரன்ஸ்' படத்தை போனில் பார்க்காதீர்கள், கானலில் வருகிற அந்த ஆள் முதலில் வெறும் கரும்புள்ளி, சின்னத் திரையில் அது தெரியவே தெரியாது.