நிம்மதியை வேலை முடியும் பக்கம் திருப்புவது எப்படி?

பயமுறுத்தும் ஒரு மின்னஞ்சலைத் திறக்காமல் கணினியை மூடிய அடுத்த நொடியைக் கவனித்துப் பாருங்கள். தோள் இறங்கும், நெஞ்சு இறுக்கம் தளரும். வேலை அப்படியே கிடக்க, 'அப்பாடா' மட்டும் வந்துவிடும். தள்ளிப்போடும் பழக்கத்துக்குத் தீனி அந்த நொடிதான். ஒன்றைச் செய்ததும் தொந்தரவு விலகினால் மனம் அதையே திரும்பச் செய்யும். உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். அதனால் யாரையும் 'சோம்பேறி' என்று திட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். திட்டத் திட்ட அந்த மின்னஞ்சல் இன்னும் பயமாகும், அதிலிருந்து தப்பிப்பது இன்னும் சுகமாகும்.

ஆய்வேடுகளைச் செம்மையாக்குவது என் தொழில். ஓர் அத்தியாயம் முடிய நாள்கணக்காகும். ஒதுக்கிவைத்தாலோ நிம்மதி உடனே. உடனே கிடைப்பதுதான் ஜெயிக்கும். ஆகவே வேலை முடியும் இடத்தைக் கிட்டே கொண்டுவாருங்கள். 'மூன்றாம் அத்தியாயம்' என்று நான் குறித்துவைப்பதில்லை. 'அட்டவணை 2: தலைப்பைத் திருத்து, கோப்பைச் சேமி' என்று எழுதுவேன். முடிந்ததும் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, இரண்டு மூச்சு சும்மா இருப்பேன். உடனே அடுத்ததுக்குத் தாவினால், முடித்ததன் நிம்மதி மனதில் பதியாமலே போய்விடும். இந்த முறைக்கு உயிரே அந்த இரண்டு மூச்சுதான்.

உளவியலாளர்கள் கேட் ஸ்வீனி, கேத்லீன் வோஸ் இருவரும் 2012இல் நிம்மதியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: வேலையை முடித்த நிம்மதி, மயிரிழையில் தப்பிய நிம்மதி. தப்பியவர்களிடம் 'என்னவாகியிருக்கும்' என்ற நினைப்பும் தனிமை உணர்வும் கூடுதலாக இருந்தன. கெடு முடியும் நேரத்தில் ஒன்றை அனுப்பிவைத்தால், அந்த நினைப்பு ஆறுவதற்குள் எழுதிவையுங்கள்: எங்கே தேங்கியது, அடுத்த முறை எதை முதலில் தொடுவது. பிறகு யாரிடமாவது பேசுங்கள்.

உண்மையிலேயே நேரமில்லாத நாளும் உண்டு. முடிக்காமல் கிடக்கும் வேலை மனதை அரிப்பது, அதற்குத் தெளிவான திட்டம் வகுத்தாலே குறையும் என்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டியிருக்கிறார்கள். 'நாளை காலை 9 மணி, முதல் பத்திக்கு மட்டும் பதில்' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். அதே சீட்டு மறுநாளும் தள்ளிப்போனால், அதற்கடுத்த நாள் முதல் வேலையாக அந்த மின்னஞ்சலைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள். பதில் அப்புறம் போடலாம்.