மேட்ச் முடிஞ்சதும் பிள்ளைகிட்ட மொதல்ல கேக்கக்கூடாத கேள்வி

சிங்கப்பூர்ல, சனிக்கிழமை காலையில எங்க புளோக் பக்கத்து ஸ்ட்ரீட் சாக்கர் கோர்ட்ல பசங்களுக்கு கால்பந்து சொல்லிக்குடுக்குறேன். பெத்தவங்க பாசத்துலதான் பண்றாங்க, ஆனா ஒரே தப்ப திரும்பத் திரும்ப பாக்குறப்ப மனசு கேக்கல.

பையன் பூட்ஸ்கூட கழட்டல, அதுக்குள்ள "ஜெயிச்சியா, எத்தன கோல்?"னு கேக்குறாங்க. இதுதான் பெரிய தப்பு. ஜான் நிக்கோல்ஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1980கள்லயே எழுதிட்டாரு, பிள்ளைங்க வெற்றிய ரெண்டு விதமா அளக்குதுங்க, ஒண்ணு 'போன தடவைக்கு இப்ப தேறியிருக்கேனா', இன்னொண்ணு 'அவனவிட நான் மேலயா'. ரெண்டாவது இருந்தா தப்பில்ல, அது மட்டுமே இருந்தாத்தான் ஆபத்து, ஏன்னா தோக்க ஆரம்பிச்சதும் பிள்ள முயற்சியவே விட்டுடும், உயிரக் குடுத்து ஓடியும் தோத்தா 'இவனுக்குத் திறமையே இல்ல'ன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேங்குற பயம். திடீர்னு கால் வலின்னு ஓரமா உக்காந்தா மொதல்ல கால பாருங்க, கால் நல்லாருந்தா இந்தப் பயமான்னு யோசிங்க.

அடுத்தது, கோலுக்கு அஞ்சு வெள்ளி தர்றேன்னு சொல்றது. தயவுசெஞ்சு வேணாம். அந்தப் பிள்ள பாஸே குடுக்காது. 1973ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, படம் வரையப் பிடிச்ச குட்டிப் பிள்ளைங்களுக்கு பரிசு தர்றேன்னு முன்னாடியே சொல்லி வரைய வெச்சாங்க, அப்புறம் பரிசு இல்லாதப்ப அதுங்களுக்கு வரையுற ஆசையே கொறஞ்சு போச்சு.

"அந்தப் பையன் எப்படி ஓடுறான் பாரு"ன்னு ஒப்பிடுறதும் அப்படித்தான். நம்ம ஊர்ல ஒரே வருஷத்துல பொறந்தவங்க ஒரே குரூப்பு, ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் சேந்து ஆடும், பத்து வயசுல பதினொரு மாச வித்தியாசம் உயரத்துலயும் வேகத்துலயும் நல்லாவே தெரியும், அத திறமைன்னு நெனச்சுக்குறோம்.

தாத்தாமாருங்க "சுந்தரமூர்த்தி மாதிரி வருவான்"னு சொல்றது பெருமைக்குத்தான், நம்ம சிங்கப்பூர் கால்பந்து வீரர், சுவிட்சர்லாந்து பாசல் கிளப் வரைக்கும் போய் ஆடுனவரு, எனக்கும் அவர ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒம்பது வயசுல அது பாரம். தொடக்கப்பள்ளி முடிக்கிறப்ப எழுதுற பிஎஸ்எல்இ பரீட்சை வருஷம் மார்க் கொறஞ்சா பந்த பூட்டி வைக்கிறாங்களே, அதுவும் வேணாம், படிப்பையும் பந்தையும் எதிரியாக்கிடாதீங்க.

அப்ப என்னதான் கேக்குறது? போன வாரம் 6–0ல தோத்தோம், ஒரு அப்பா ஸ்கோர் பத்தி வாயே திறக்காம "இன்னிக்கு என்னடா புதுசா செஞ்சு பாத்த?"ன்னாரு. "இடது கால்ல ரெண்டு பாஸ் குடுத்தேன்பா, ஒண்ணு சரியா போச்சு"ன்னான், அப்புறம் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் அத நடிச்சுக் காட்டிக்கிட்டே போனான்.