டர்பன் வெயிலில் ஓவர்கிளாக்: ஆடியில் ஓடும் கணினி தையிலும் ஓட வேண்டும்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கேமிங் கணினி வைத்திருப்பவர்கள் அதை ஓவர்கிளாக் செய்ய, அதாவது செயலியையும் ரேமையும் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்ட, ஒரு செய்முறை இது. என் மேசையில் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ் செயலி, பி550 மதர்போர்டு, ஒற்றை விசிறி கொண்ட காற்றுக் கூலர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம். உங்களுடையது வேறு தலைமுறை என்றால் எண்கள் மாறும், செய்யும் வரிசை மாறாது. பூட்டுவதும் விண்டோஸ் நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. காற்றால் குளிரும் செயலியின் வெப்பம் அறையின் வெப்பத்தோடு கூடவே ஏறும். அறை 10 டிகிரி ஏறினால் செயலியும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். தமிழில் கிடைக்கும் விளக்கங்கள் சென்னைக் கோடையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கோ எல்லாம் தலைகீழ். ஆடிக் கூழ் ஊற்றும்போது ஸ்வெட்டர் போடுகிறோம், தைப்பூசக் காவடி எடுக்கும்போது தார்ச்சாலையில் உள்ளங்கால் பொரிகிறது. ஜூலை இரவில் 75 டிகிரி காட்டி நல்ல பிள்ளையாக நின்ற கணினி, ஜனவரி பிற்பகலில் 85-ஐத் தாண்டும். 5600எக்ஸ் தாங்கும் உச்சவரம்பு 95 டிகிரி. ஆகவே குளிர்காலத்தில் சோதிப்பவர்கள் 80-க்கு மேல் போகாதபடி நிறுத்திக்கொள்வது நல்லது.

ஈரப்பதத்தைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். காற்றுக் கூலருக்கு அதனால் பெரிய கேடில்லை. கடற்காற்றின் உப்பும் ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) இடுக்கில் படியும் தூசியும்தான் பகை. டர்பனின் கடலோரப் பகுதியான பிளஃப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கேபினெட்டை வைக்காதீர்கள்.

படி 1: கருவிகள்

வெப்பமும் வேகமும் காட்ட எச்டபிள்யூஇன்ஃபோ64, செயலியின் வேகத்தை அளக்க சினிபெஞ்ச் ஆர்23, கோர்களை (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒவ்வொன்றாகச் சோதிக்க கோர்சைக்கிளர், ரேமைச் சோதிக்கப் பென் டிரைவில் மெம்டெஸ்ட்86. நான்கும் இலவசம், நான்கும் போதும். மதர்போர்டு நிறுவனங்கள் விண்டோஸுக்காகத் தரும் ‘ஒரே சொடுக்கில் வேகம்’ வகை மென்பொருள்களை நான் தொடுவதில்லை. அவை பெரும்பாலும் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு, வெப்பத்தை உங்கள் தலையில் கட்டும். எதை மாற்றினாலும் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) மாற்றுங்கள்.

எதையும் தொடும் முன் சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டி, மதிப்பெண்ணையும் உச்ச வெப்பத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் கையில் இல்லாவிட்டால் பின்னால் ஏறினோமா இறங்கினோமா என்றே தெரியாது.

படி 2: ரேம்

கேமுக்காகத்தான் இத்தனை பாடும் என்றால் பலன் அதிகம் இங்கேதான். 3600 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், எக்ஸ்எம்பியை (ரேமுக்குள் பதிந்திருக்கும் வேக அமைப்பு) நீங்கள் இயக்கும் வரை ரேம் 2133 அல்லது 2666 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி, சில போர்டுகளில் டிஓசிபி, என்று இருப்பதை இயக்குங்கள். மின்னழுத்தம் 1.2-லிருந்து 1.35 வோல்ட்டாக மாறும்; அது இயல்புதான். 3600 ரேமின் உண்மையான கடிகார வேகம் அதில் பாதி, 1800; செயலிக்குள் தரவைக் கடத்தும் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் 1800-ல் நின்று ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். அதற்கு வெகு மேலே போனால் இந்த இணை அறுந்து தாமதம் கூடும், காசும் வீண்.

விண்டோஸுக்குள் நுழையும் முன் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்றும் முழுதாக ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்காதீர்கள். ரேம் பிழை கணினியை உடனே வீழ்த்தாது, சத்தமில்லாமல் கோப்புகளை அரித்துவிடும்.

படி 3: பிபிஓ

எல்லாக் கோர்களுக்கும் ஒரே வேகத்தைக் கையால் பூட்டும் பழைய முறையை ரைசன் 5000 வரிசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைக் கோர் தானாக 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும் செயலியை 4.4-ல் கட்டிப்போட்டால் கேம்களில் இழப்பே மிஞ்சும். அதற்குப் பதில், செயலி தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வரம்பைத் தளர்த்தும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை (பிபிஓ) பயாஸில் அட்வான்ஸ்டு நிலைக்கு மாற்றுங்கள். மின் வரம்பு இயல்பாக 76 வாட். சாதாரணக் கூலரில் 90-க்கு மேல் போக வேண்டாம். உச்ச வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை இடமுண்டு. முதலில் 50 கொடுத்துப் பாருங்கள்.

படி 4: கர்வ் ஆப்டிமைசர்

என்னை நெடுநாள் அலைக்கழித்த படி இது, ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிபிஓ பகுதியிலேயே இருக்கும் கர்வ் ஆப்டிமைசரில் நெகட்டிவ் என்று தேர்ந்து ஒரு எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு வேகத்துக்கும் செயலி கேட்கும் மின்னழுத்தம் குறையும். ஓர் எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட், அதிகபட்சம் 30 எண். மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் செயலி தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். டர்பன் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஆனால் எல்லாக் கோருக்கும் 30 போட்டு, எல்லாக் கோர்களுக்கும் பளு ஏற்றிச் சோதிக்கும் பிரைம்95-ஐ இரவு முழுக்க ஓட்டி, பிழை இல்லை என்று மகிழ்ந்து எழுந்தால், மறுநாள் வெறும் டெஸ்க்டாப்பில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துக் கணினி மறுதொடக்கம் ஆகும். காவடியைச் சுமந்து நேராக நடந்து வந்தவர், அதை இறக்கி வைத்தபின் கால் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான்.

காரணம் எளிது. எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது மின் வரம்பு செயலியைப் பிடித்து இழுப்பதால் வேகம் உச்சத்துக்குப் போவதில்லை. அந்த இடத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். சும்மா இருக்கும் கணினியில் ஏதோ ஒரு சிறு வேலைக்காக ஒரே ஒரு கோர் தூக்கத்திலிருந்து எழுந்து நொடியில் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. நீங்கள் குறைத்த மின்னழுத்தம் அந்த உச்சியில்தான் போதாமல் போகிறது. பளுச் சோதனை அந்த உச்சியைத் தொடுவதே இல்லை.

ஆகவே ‘பெர் கோர்’ என்று தேர்ந்து கோர் கோராகக் கொடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் எந்த இரண்டு கோர்களுக்கு முதல் தர வரிசை இருக்கிறது என்று பாருங்கள். அவை ஏற்கெனவே அதிக வேகத்துக்கு இழுக்கப்படுபவை, குறைக்க இடம் கம்மி. அவற்றுக்கு 5, மற்றவற்றுக்கு 15 என்று தொடங்குங்கள். பிறகு கோர்சைக்கிளரை இரவு முழுக்க ஓடவிடுங்கள். அது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் வேலை வாங்குவதால் உச்ச வேகம் வெளியே வரும், எந்தக் கோர் தவறியது என்றும் சொல்லும். தவறிய கோருக்கு மட்டும் எண்ணை 3 குறையுங்கள் (15 என்றால் 12), மறுபடி ஓட்டுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

சோதனை முடிந்தபின்னும் ஒரு வாரம் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் கண் வையுங்கள். டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயரில் 18 எண்ணுள்ள பதிவு இருந்தால் அது செயலியின் முனகல். கேமைத் திட்ட வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரே எச்சரிக்கை: அதன் நினைவகத்தை ஏற்றும்போது படம் உடையவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஜிடிடிஆர்6 வகை நினைவகம் பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மீண்டும் அனுப்பும், ஆகவே உடையாமலே மெதுவாகும். கேமில் நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கினால் பின்வாங்குங்கள்.

படி 5: மின்சாரம்

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) பெருமளவு குறைந்துவிட்டது. இருந்தும் தெருவில் கேபிள் பழுதென்று மின்சாரம் போவது நிற்கவில்லை. போன மின்சாரம் திரும்பும்போது தெருவில் உள்ள எல்லாக் கீசர்களும் குளிர்பெட்டிகளும் ஒன்றாக விழித்துக்கொள்ளும், மின்னழுத்தம் ஊசலாடும். சுவர் பிளக்கின் சுவிட்சை அணைத்து வைத்து, வந்தபின் சில நிமிடம் பொறுங்கள். யுபிஎஸ் (மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டி) வாங்குகிறவர்கள், சுவர் மின்சாரத்தைப் போன்ற தூய சைன் அலை தருவதையே வாங்குங்கள். மலிவான வகையின் படிக்கட்டு அலையை இன்றைய பவர் சப்ளைகள் சில ஏற்காமல், மின்சாரம் மாறும் அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும்.

பிற்சேர்க்கை: டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். மின்வெட்டு முடிந்து கணினியைப் போட்டால் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எரிகிறதாம், பிறகு ரேம் பழையபடி 2133-ல் நிற்கிறதாம். அவருக்கு நான் கேட்ட முதல் கேள்வி: பயாஸில் தேதி சரியாக இருக்கிறதா? தேதியும் பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. சுவரில் மின்சாரம் இருக்கும் வரை போர்டு அந்தப் பேட்டரியை நாடுவதில்லை, ஆகவே மின்வெட்டில்தான் குட்டு வெளிப்படும். எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். தேதி சரியாக இருந்து ரேம் மட்டும் இறங்கியிருந்தால், குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது ரேம் பயிற்சி (போர்டு ரேமோடு பேசும் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும் வேலை) தோற்கிறது என்று பொருள். ரேம் மின்னழுத்தத்தை 1.37 ஆக்கிப் பாருங்கள், அப்போதும் நிற்காவிட்டால் வேகத்தை 3600-லிருந்து 3533-க்கு இறக்குங்கள். தம்பிக்குத் தேதி சரியாக இருந்தது, 3533-ல் ஓட்டுகிறார். பயாஸ் அமைப்புகளைப் பென் டிரைவில் சேமித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன், அடுத்த முறை எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.