குரலுக்கும் பேஸ் கிற்றாருக்கும் ஒரே கொம்பிரசர்

வெள்ளவத்தையில் வீட்டு அறையொன்றில் குரலையும் பேஸ் கிற்றாரையும் பதிவு செய்பவர் ஒரேயொரு கொம்பிரசரைத்தான் (உரத்த ஒலியைத் தானாக அழுத்திக் குறைக்கும் கருவி) வாங்க முடியுமெனில், அட்டாக் (அழுத்த எடுக்கும் நேரம்), ரிலீஸ் (அழுத்தத்தை விட எடுக்கும் நேரம்) இரண்டையும் கையால் மாற்றக்கூடியதையே தெரிவுசெய்ய வேண்டும். 1967இல் வெளிவந்த 1176 என்ற கொம்பிரசரின் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெக்கன் வரையே என்பதால், குரலில் திடீரென எழும் உச்சங்களை அது உடனே பிடித்துவிடும். ஒளிவழி இயங்கும் எல்ஏ-2ஏ என்ற கொம்பிரசர் மெதுவாக அழுத்தி மெதுவாக விடுவதால் நீண்ட சுரங்களுக்குப் பொருந்தினாலும், அந்த வேகத்தை நாம் மாற்ற முடியாது. பேஸின் தடித்த ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்வதால் ஓர் அலை முடிய 24 மில்லிசெக்கன் ஆகிறது. ரிலீஸை அந்த அளவுக்குக் குறைத்தால் கருவி ஒவ்வோர் அலையையும் துரத்தி ஒலியைக் கரகரப்பாக்கும் (சிலருக்கு அதுவே பிடிக்கும்). பதிவின்போது உரத்த இடங்களை 3 முதல் 6 டெசிபெல் வரை குறைத்தாலே போதும். அமெரிக்காவிலிருந்து தருவிப்பதாயின், நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு மாற்றும் வசதி உண்டா எனப் பணம் கட்டுமுன் பாருங்கள்.