விண்வெளிப் படத்துக்கு வீட்டுத் தமிழில் சப்டைட்டில்: முதல் தடவை செய்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு என்றால் சுவரில் ஒரு படம் ஓடும். மருமகன் விடாப்பிடியாக நின்றதால் ஒரு ஞாயிறு ‘மொபைல் சூட் கண்டம்: சார்ஸ் கவுண்டர்அட்டாக்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் போட்டோம். (குண்டம் என்றும் எழுதுகிறார்கள். ஜப்பானியர் வாயில் அது கண்டம் என்றுதான் விழுகிறது. அம்மா உடனே “ஆருக்கு கண்டம்?” என்று கேட்டார்.) அப்பா பத்து நிமிடம் இங்கிலிஷ் சப்டைட்டிலோடு மல்லுக்கட்டினார். பிறகு, “தம்பி, நான் படத்தைப் பாக்கிறதோ, எழுத்தைப் பாக்கிறதோ?” என்று எழும்பிப் போய்விட்டார்.

அதனால்தான் தமிழில் செய்யப் பழகினேன். ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்குக் கொண்டுவந்த கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. வெளிநாட்டுப் பாத்திரம் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரிப் பேசினால் எவ்வளவு சுகம் என்று எங்களுக்குத் தெரியும். தமிழில் அந்தச் சுகம் குறைவாகத்தான் கிடைத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிரதியை உங்கள் வீட்டில் பார்ப்பதற்கான வேலை.

படி 1: முன்கதையை நாலு வரியில் எழுதுங்கள்

தொடரின் தொடர்ச்சியாக வரும் படத்தில் புதிதாகப் பார்ப்பவர் தடுக்கி விழுவது இங்கேதான். 1979இல் தொடங்கிய முதல் தொடர் 43 பாகம். 1985இல் வந்த ‘ஸீட்டா’ 50 பாகம், அடுத்த ஆண்டு தொடங்கிய ‘டபுள் ஸீட்டா’ 47. இவ்வளவுக்கும் பிறகு 1988 மார்ச்சில் வந்த படம் இது. இயக்குநர் டொமினோ யோஷியுகி எதையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அப்பாவை உட்கார வைத்து 140 பாகம் காட்ட முடியுமா? படத்தின் ஆரம்ப நொடிகளில் நான் போட்டது இவ்வளவுதான்:

“அமுரோவும் சாரும் 14 வருடத்துக்கு முந்திய போரில் எதிரிகள். இடையில் ஒரே பக்கம் நின்றார்கள். இப்போது சார் பூமியின் மேல் சிறுகோள்களை விழுத்தப் பார்க்கிறான். அமுரோ தடுக்கப் போகிறான்.”

லாலா என்ற பெண் யார் என்பதை வேண்டுமென்றே விட்டேன். அது படத்திலேயே மெல்ல மெல்ல வெளியே வரும்.

படி 2: மென்பொருள்

விண்டோஸில் ‘சப்டைட்டில் எடிட்’ இலவசம். மக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘ஏஜிசப்’. பார்க்க ‘விஎல்சி’, விண்டோஸில் தமிழ் தட்டச்ச எ-கலப்பை. இவை போதும்.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புத்தான். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே திறந்தால் இப்படி இருக்கும்:

12
00:04:10,500 --> 00:04:12,000
வாறன்!

முதலில் வரி எண், அடுத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழே வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நொடிக்குப் பிறகு வருவது புள்ளி அல்ல, கால்புள்ளி. சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். என் முதல் இரவு வேலை அப்படித்தான் போனது.

படி 3: நீளத்தைக் குறையுங்கள்

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நொடிக்குக் குறைவாக நிற்கும் வசனத்தைக் கண் பிடிக்காது. மென்பொருள் நொடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணிச் சிவப்பில் எச்சரிக்கும். ஆனால் அதன் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ‘போகிறேன்’ நமக்கு நாலு எழுத்து. கொம்பையும் காலையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுவதால் எட்டு என்று காட்டும். அந்தச் சிவப்பை நம்பி நல்ல வரிகளை நான் வீணாக வெட்டினேன். பிறகுதான் அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் வாயசைத்து வாசித்து முடிக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்தேன். உங்கள் வீட்டிலும் மெதுவாக வாசிக்கும் ஒருவர் இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

படி 4: நீயா, நீங்களா?

மற்ற எல்லாப் படிகளும் சேர்ந்து எடுத்த நேரத்தை இது ஒன்றே எடுத்தது. இங்கிலிஷ் சப்டைட்டிலைப் பார்த்து மொழிபெயர்த்தால் எல்லாரும் ஒரே ‘யூ’. அங்கே தொலைந்ததை ஜப்பானியக் குரலில்தான் தேட வேண்டும். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் காது கொடுத்தால் சில சொற்கள் பிடிபடும். ‘கிசமா’ என்று கேட்டால் அது சண்டைக்காரன் சொல்லும் ‘நீ’. அமுரோவும் சாரும் மோதும்போது அதுதான் பறக்கிறது. அங்கே ‘நீ’, ‘டேய்’ இரண்டுமே தாங்கும்.

கப்பல் கப்டன் பிரைட்டின் கதை வேறு. முதல் தொடரில் அவனுக்கு 19 வயது, அமுரோவுக்கு 15. அப்போது அமுரோ ‘பிரைட்-சான்’ என்று மரியாதையோடு கூப்பிடுவான். இந்தப் படத்தில் வெறும் ‘பிரைட்’. ஆகவே இங்கே ‘நீ’ என்று போட்டேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “கப்பல் கப்டனை நீ எண்டு சொல்லுறதோ?” என்றார். ஒன்றாகப் போரில் நின்று 14 வருடம் பழகியவர்கள், தனியாகப் பேசும்போது அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் விடாமல் நின்றேன். சாரிடம் பேசும் சிறுமி குவெஸ்ஸுக்கு மட்டும் ‘நீங்கள்’. அவள் அவனை அண்ணாந்து பார்ப்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

வேலை தொடங்க முன் ஒரு தாளில் யார் யாரை எப்படி அழைப்பது என்று கட்டம் போட்டு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பாதியில் ‘நீங்கள்’ என்றவன் இரண்டாம் பாதியில் ‘நீ’ என்பான்.

கலைச்சொற்களில் அதிகம் மினக்கெட வேண்டாம். மொபைல் சூட் (ஆள் உள்ளே ஏறி ஓட்டும் இராட்சத ரோபோ), நியூட்டைப் (மற்றவர் மனதை உணரும் சக்தி உள்ளவர்) அப்படியே இருக்கட்டும். ‘ஃபனல்’ என்ற ஆயுதத்தை ‘புனல்’ என்று போட்டுப் பார்த்தேன். அப்பா மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துச் சிரித்தார். அதோடு, அமுரோ ஓட்டும் நியூ கண்டம் என்ற ரோபோவின் முதுகில் தொங்கும் ஆறு ஃபனல்களும் மடித்த தகடு மாதிரி இருக்கின்றன, புனல் மாதிரி இல்லை. ‘ஃபனல்’ என்றே விட்டேன்.

இனி அந்த ‘வாறன்’. 1979இலிருந்தே இந்தத் தொடரில் விமானி கப்பலிலிருந்து பாயும்போது சொல்வது ‘இகிமாசு’. நேரடியாகச் சொன்னால் போகிறேன். அம்மா அதை வாசித்ததும், “வெளிக்கிடேக்க ஆரும் போறன் எண்டு சொல்லுவினமே?” என்று தடுத்துவிட்டார். சரிதானே. நாங்கள் வாசலில் நின்று சொல்வது ‘வாறன்’. எழுத்தும் குறைவு, அரை நொடியில் வாசிக்கலாம். புறப்படும் இடங்களில் எல்லாம் அதையே போட்டேன்.

படி 5: நேரம் பிசகினால்

எல்லா வசனமும் ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ விஎல்சியில் ஜி, எச் விசைகளால் நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் பிரச்சினை பிரேம் வேகத்தில். நொடிக்கு 23.976 பிரேம் ஓடும் பிரதிக்குச் செய்ததை 25இல் ஓடும் பிரதியோடு சேர்த்தால் இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் அளவுக்கு விலகும். சப்டைட்டில் எடிட்டில் பிரேம் வேகத்தை மாற்றும் வசதி உண்டு.

படி 6: ரீவியில் போட முன்

யூஎஸ்பியில் ஏற்றி நேரே ரீவியில் செருகி எல்லாரையும் கூப்பிட்டேன். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கணினி ‘கெ’யைச் சேமிக்கும்போது முதலில் க, அப்புறம் கொம்பு. காட்டும்போது கொம்பை முன்னுக்கு இழுக்க வேண்டும். எங்கள் ரீவிக்கு அது தெரியவில்லை. லப்டொப்பில் விஎல்சியை ஓடவிட்டு எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்தால் தொல்லை தீர்ந்தது. ‘ஹேண்ட்பிரேக்’ மூலம் எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடவும் முடியும், ஆனால் பிறகு ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது. எழுத்துரு ‘நிர்மலா யூஐ’ போதும். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு.

அப்பா இந்தமுறை எழும்பிப் போகவில்லை. கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது அம்மா கேட்டார்: “வாறன் எண்டு போனவங்கள் வந்தாங்களோ?”

படம் அதைக் காட்டவில்லை. நானும் ஒரு வரி கூட்டிப் போடவில்லை.