மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி: ட்ரிக்கரையும் சேஃப்டியையும் ஒப்பிடும் முறை

அமெரிக்காவில் ஆடைக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டப்படி தகுதி பெற்ற ஒருவர், வாங்கும்போது பெரும்பாலும் அதன் அளவையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையுமே பார்க்கிறார். ட்ரிக்கர் தவறுதலாக இழுபட்டால் அந்தத் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை அதற்கும் முன்பே பார்க்க வேண்டும்.

முதல் படி, காலி செய்வது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை ட்ரிக்கருக்கு வெளியே நிறுத்தி, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றிய பிறகே ஸ்லைடை (குழலின் மேல் நகரும் பகுதியை) பின்னுக்கு இழுத்து, சேம்பர் (சுடத் தயாரான தோட்டா இருக்கும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வரிசை மாறினால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும்.

இரண்டாம் படி, வகையை அறிவது. 1911 வகை பிஸ்டலை, சுத்தியல் (தோட்டாவை வெடிக்கச் செய்யும் அடியைத் தரும் பாகம்) பின்னிழுக்கப்பட்டு, கட்டைவிரலால் இயக்கும் சேஃப்டி (தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் அமைப்பு) பூட்டிய நிலையில் எடுத்துச் செல்வார்கள். அதன் ட்ரிக்கர் குறுகியது, இலேசானது. பிடியை அழுத்தினால்தான் விடுபடும் இன்னொரு சேஃப்டியும் அதில் உண்டு. 1985-இல் அமெரிக்க இராணுவம் அதற்கு மாற்றாக ஏற்ற பெரெட்டா பிஸ்டலில் முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தவை இலேசாகிவிடும். ஆகவே சுட்டு முடித்ததும் அதன் பக்கவாட்டில் உள்ள நெம்பைக் கீழே தள்ளிச் சுத்தியலை இறக்கிய பிறகே உறையில் வைக்க வேண்டும். பதற்றத்தில் புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

1982-இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற க்ளாக் பிஸ்டலில் கையால் பூட்டும் சேஃப்டி நெம்பே இல்லை. அதன் மூன்று சேஃப்டிகளும் ட்ரிக்கரை இழுக்கும்போது தாமாகவே விலகிவிடும். கீழே விழுந்தால் அவை காக்கும்; சட்டை நுனி ட்ரிக்கரில் சிக்கி இழுத்தால் காக்க மாட்டா. மூன்று சேஃப்டி என்ற சொல்லை நம்பி அலட்சியமாகிறவர்களை எண்ணியே இதை அழுத்திச் சொல்கிறேன். சுத்தியல் உள்ளே மறைந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரில் ஒவ்வோர் இழுப்பும் நீளமானது, கனமானது. தவறுதலாக இழுபடும் வாய்ப்பு குறைவு, ஆனால் குறி தவறாமல் இழுக்க நிறையப் பயிற்சி வேண்டும்.

மூன்றாம் படி, கடைக்காரரின் அனுமதியுடன், காலியான துப்பாக்கியின் ட்ரிக்கரைப் பாதுகாப்பான திசையில் மெதுவாக இழுத்துப் பார்ப்பது. க்ளாக்கின் வழக்கமான இழுவிசை ஏறத்தாழ 2.5 கிலோ, எடையோடு விரல் நகரும் தூரத்தையும் கவனியுங்கள்.

நான்காம் படியே முக்கியம்: உறையில் திரும்ப வைப்பது. வெளியே சுத்தியல் தெரியும் துப்பாக்கியானால் கட்டைவிரலை அதன் மேல் வையுங்கள்; பெரெட்டாவில் சுத்தியலை இறக்கிய பின் ஏதேனும் ட்ரிக்கரில் சிக்கினால், சுத்தியல் பின்னுக்கு எழுவது விரலுக்குத் தெரிந்துவிடும். க்ளாக்கில் இந்த எச்சரிக்கை கிடைக்காது. ஆகவே ட்ரிக்கர் வளையத்தை முழுதும் மூடும் கெட்டியான உறையை வாங்கி, சட்டையை விலக்கி, கண்ணால் பார்த்தபடி மெதுவாகச் செருகுங்கள். இடுப்பின் முன்பக்கம் வைப்பவர், உறையைக் கழற்றித் துப்பாக்கியை அதில் வைத்த பிறகு இரண்டையும் சேர்த்து அணிவது நல்லது.

எதைத் தேர்ந்தாலும், சேஃப்டி நெம்பு உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்லாதீர்கள். கட்டைவிரல் ஒரே பழக்கத்தைத்தான் கற்க வேண்டும்.